கப்பல்காரர்கள் இறங்கிய வீடு

பம்பாயில் கப்பல்படையை விட்டு வந்தவர்கள் எங்கே இறங்கினார்கள் என்று கேட்டால், கோட்டைப் பக்கத்துத் துறைமுகத்தைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். கப்பல் நின்றது அங்கேதான், சரி. எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் இறங்கியது தாராவியில் என்னுடைய கோலியில். பத்தடிக்குப் பத்தடி ஒரே அறை, மேலே தகரம். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

சீனச் சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். என் தம்பி கப்பல்படையில் பத்து வருஷம் முடித்துவிட்டு வெளியே வந்தான். கப்பலுக்குள்ளே பாய்லர் பார்க்கிற வேலை அவனுக்கு. செம்பூர்ப் பக்கத்து எண்ணெய் ஆலைகளில் பாய்லர் தெரிந்தவனைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஊருக்குப் போகாமல் சயான் ஸ்டேஷனில் இறங்கி நேரே நடந்து வந்துவிட்டான். தோளில் ஆள் உயரத்துக்கு ஒரு கான்வாஸ் பை. பின்னாலேயே அதே மாதிரிப் பையோடு இன்னொருவன்.

அந்த இன்னொருவனை எனக்குத் தெரியும். எங்கள் ஊர்தான், கீழத்தெரு. ஊரில் அந்தத் தெருக்காரர்கள் எங்கள் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது. வீட்டுக்குள் வருவது அப்புறம். இவன் உள்ளே வந்து, பையை மூலையில் சாத்திவிட்டு, "அக்கா, குடிக்கத் தண்ணி தாங்க" என்றான். ஊரில் என்னை அக்கா என்று கூப்பிட்டிருந்தால் முதுகுத்தோலை உரித்திருப்பார்கள். பத்து வருஷமாக ஒரே கப்பலில் என் தம்பி அக்கா அக்கா என்று பேசக் கேட்டுக் கேட்டு இவன் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. எனக்கு அது பிடித்திருந்தது. செம்பில் தண்ணீர் கொடுத்தேன்.

அப்போது தாராவியில் ஊருக்கு ஒரு பொங்கல் வீடு இருக்கும். பிழைக்க வந்த ஆண்கள் சேர்ந்து பொங்கித் தின்று படுத்து எழும்புகிற இடம். புதிதாக வருகிறவன் முதலில் அங்கேதான் போகணும். தம்பி கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு போனான். போன வேகத்தில் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

"எனக்கு மட்டுந்தான் அங்க பாயி இருக்காம்" என்றான் தம்பி.

"அப்போ ரெண்டு பேரும் இங்கயே கிடங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் மில் வேலை முடிந்து வந்தார். மூலையில் இருந்த இரண்டு பையையும் பார்த்தார். "நான் எங்கட்டி காலை நீட்டுதது?" என்று கேட்டார்.

"மடக்கிக்கிட்டுப் படுங்க."

அவர்கள் வெள்ளை எனாமல் தட்டும் கோப்பையும் கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அவ்வளவு நல்ல சாமான் இல்லை. எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் கவிழ்த்து வைத்தேன். கைக்கு எது வந்ததோ அதில் சாப்பிட்டோம். கப்பலிலும் அப்படித்தானாம், ஒரே மேஜை, ஒரே பானை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர்ச்சங்கத்துத் தலைவர் வந்தார். மாதுங்காவில் மளிகைக்கடை வைத்திருந்தார். ஊர்க்காரன் எவனுக்கு வேலை வேண்டுமென்றாலும் அவர் ஒரு வார்த்தை சொல்லணும். வீட்டு ஆண்கள் மூன்று பேரும் உள்ளேதான் இருந்தார்கள். அவரை உட்காரவைத்து டீ கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"தங்கச்சி, உன் தம்பி வந்தது சந்தோசம். கூட வந்தவன் இங்க எதுக்கு?"

"அவனும் நம்ம ஊருதான அண்ணாச்சி."

"தெரியாத மாதிரிப் பேசாத. அவனை அனுப்பிரு. இல்லைன்னா வாசல்ல ஒரு தட்டு தனியா வையி. ரெண்டுமில்லைன்னா ஊரு உன் வீட்டை விலக்கிரும். நல்லது கெட்டதுக்கு ஒருத்தன் வரமாட்டான். குழாயடியில உன் குடத்துக்கு எடம் இருக்காது."

"தனியா வைக்கதுக்கு எது அவன் தட்டுன்னு எனக்கே தெரியாது அண்ணாச்சி. நான் அடையாளம் பாத்துக் கழுவுததில்ல."

அவர் கண் கையில் இருந்த கோப்பைக்குப் போனது. வெள்ளை எனாமல், நீலக் கரை. மெதுவாகத் தரையில் வைத்தார்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. அடுப்புப் பக்கத்தில் அதுதான் இருந்தது. ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோது எனக்கு வருத்தமும் வரவில்லை.

வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார். "இந்த டீ சங்கதி நமக்குள்ள இருக்கட்டும். நானும் உன் வீட்டுக்குள்ள யாரு இருக்கான்னு பாக்கல. சரியா?" வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டார்.

தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்காரர், "ஒரு டீயோட தீந்துது, வாய மூடிக்கிட்டு இரு" என்றார். கூட்டாளி மட்டும் சிரிக்கவில்லை. பையை எடுத்துக் கட்ட ஆரம்பித்தான்.

"அக்கா, மான்குர்த்துல ஒரு எடம் இருக்கு. நான் போயிருதேன்."

"அதான் அவரு பேசாம போயிட்டாரே."

"போயிட்டாரு. இனிமே யாராவது வரும்போதெல்லாம் நான் பாய்க்குப் பின்னால ஒளியணும், அவ்வளவுதான."

அவன் சொன்னது சரி. என் வீட்டில் திருட்டுச் சாமான் மாதிரி ஒருத்தன் இருக்கிறதுக்கு அவன் போவதே மேல். ஆனால் போகவிட எனக்கு மனசில்லை. பையைப் பிடுங்கி மூலையில் போட்டேன்.

மறுநாள் காலையில் குழாயடியில் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். நான் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். கீழத்தெருக்காரன் என் வீட்டில்தான் இருக்கிறான், எங்களோடுதான் சாப்பிடுகிறான், தலைவர் அண்ணாச்சியும் அவன் குடிக்கிற கோப்பையிலேயே நேற்று டீ குடித்தார், நல்லாயிருக்கு என்று பாதிவரை குடித்தார்.

 என் மைனி முறைக்காரி ஒருத்தி, "குடிச்சிட்டு நல்லாத்தான நடந்து போனாவ? நான் பாத்தேனே" என்றாள். இரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். ஒரு கிழவி என் குடத்தைக் காலால் தள்ளிவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே எங்களை ஊர் விலக்கியது. என் வீட்டுக்காரர் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நாலாம் நாள் சோறு கேட்டார், போட்டேன். மன்னிப்புக் கேட்டு வரச்சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். நான் போகவில்லை. லேபர் கேம்ப் பக்கத்துக் குழாயிலிருந்து தம்பியும் கூட்டாளியும் ஆளுக்கு இரண்டு டின்னில் தண்ணீர் சுமந்தார்கள். ஆடி ஆடிக் கப்பல் நடை நடந்து, சந்தில் பாதியைச் சிந்திக்கொண்டு வருவார்கள். "கடல்லயே கெடந்தவனுக்கு ஒரு டின்னு தண்ணிய ஒழுங்காத் தூக்கத் தெரியல" என்று நான் ஏசுவேன்.

இரண்டு பேருக்கும் செம்பூரில் வேலை கிடைத்தது. அவர்கள் சொல்லி அனுப்ப, கப்பலை விட்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் ஒரு பையன் தோளில் பையோடு குழாயடியில் போய் வழி கேட்டிருக்கிறான். என் குடத்தைத் தள்ளிய அதே கிழவி, வாய் திறக்காமல் கையை மட்டும் என் வீட்டுப் பக்கம் நீட்டியிருக்கிறாள்.

அவன் வாசலில் தயங்கி நின்று, "அக்கா, நான் எந்தத் தெருன்னா..." என்று இழுத்தான்.

"அதெல்லாம் யாரும் கேக்கல. டின்னு அங்க இருக்கு, போய்த் தண்ணி எடுத்துட்டு வா" என்றேன்.