பதினோராவது கத்தி

மாமாவிடம் பதினோரு மடக்குக் கத்திகள் இருந்தன. அவற்றில் எதைக்கொண்டும் அவர் ஓர் எலுமிச்சம்பழத்தைக்கூட நறுக்கியதில்லை. நறுக்க வேண்டி வந்தால் சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பார், அம்மா நறுக்கிக்கொண்டு வருவாள். மாமாவின் கத்திகள் வேலை செய்யப் பிறந்தவை அல்ல. ஒப்பிடப்படுவதற்காகப் பிறந்தவை.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாமல் மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடி அறையில், கத்திகள் நிறைந்த ஒரு பிஸ்கட் டின்னோடு குடித்தனம் நடத்தினார். தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, அவருடைய அலுவலக நண்பர் ஒருவரின் பெசன்ட் நகர் வீட்டுக்குப் போவோம். அவரும் கத்தி சேர்ப்பவர். சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து இருவரும் ஆளுக்கொரு கத்தியை எடுத்து வைப்பார்கள். எதில் அலகு அதிகம், எது ஒரே நகத்தில் திறக்கிறது, மூடும்போது ‘டக்’ என்கிறதா ‘டொக்’ என்கிறதா. அரசாங்கச் சம்பளம் வாங்கும் இரண்டு பெரியவர்கள் கத்தியைக் காதோரம் வைத்து மடக்கி, சபாவில் ஆலாபனை கேட்கும் முகத்தோடு கண்ணை மூடிக்கொள்வார்கள்.

பதினோரு வயதில் நான் அங்கே டின் தூக்கி. தையல் மிஷின் எண்ணெயால் கத்திகளைத் துடைப்பதும் என் பொறுப்பு. அந்தப் பதவியில் எனக்கு இருந்த பெருமிதத்தை இப்போது நினைத்தால் என்னையே இரண்டு அறை விடலாம் போலிருக்கிறது.

டின்னின் ராஜா, மான்கொம்புப் பிடி போட்ட ஏழு அலகுக் கத்தி. பெரிய அலகு, சின்ன அலகு, ரம்பம், கத்தரி, புட்டி திறப்பது, தக்கை பிடுங்குவது, ஏழாவதாக மீன் செதில் சுரண்டுவது. ஏகாதசியன்று வெங்காயம்கூட உள்ளே வராத வீட்டில் அந்த ஏழாவது அலகு கன்னி கழியாமல் மின்னியது. “உனக்குப் பூணூல் போடற அன்னிக்கு இது உனக்குத்தாண்டா” என்று மாமா அம்மாவின் எதிரிலேயே சொல்லியிருந்தார். அடுத்த வைகாசியில் முகூர்த்தம். பிரம்மோபதேசத்துக்காக இவ்வளவு ஏங்கிய பையன் எங்கள் குலத்தில் இருந்திருக்க மாட்டான் என்று அப்பா சந்தோஷப்பட்டார்.

பெசன்ட் நகர்க்காரரிடம் இருந்தது வெளிநாட்டுச் சிவப்புக் கத்தி. பன்னிரண்டு அலகு, போதாக்குறைக்குப் பல் குத்தும் குச்சி. மாமா அதைக் கண்டாலே முகம் சுளிப்பார். “பிளாஸ்டிக் பிடி ஓய். சோப்பு டப்பா மாதிரி இருக்கு.”

எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. கொடுத்தால் சண்டை வரும். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மேஜையிலும் அப்படித்தான். வைப்போம், எடுப்பார்கள்.

அந்த ஞாயிறு ஏழு அலகைத் துடைத்து மாமா முன்னால் வைத்தேன். அவர் எடுக்கவில்லை. “நீ போய் பீச்சைப் பாத்துட்டு வாயேண்டா” என்றார். அதற்கு முன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. குஷியாக ஓடினேன். கடற்கரையை ஒட்டியே நடந்து ஊரூர் குப்பம்வரை போய்விட்டேன். அங்கே ஓர் அம்மாள் இரும்புப் பட்டையால் மீன் சுரண்டிக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியவில்லை.

“எங்க மாமாகிட்ட இதுக்குன்னே தனியா ஒரு பிளேடு இருக்கு.”

“அப்டியா நைனா? உங்க மாமா எத்தினி மீனு சுரண்டிக்கிறாரு?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அப்பால இன்னாத்துக்கு கீது அது?”

திரும்பி வந்தேன். டின்னுக்கு ரப்பர் பேண்ட் போட்டு மாமா செருப்போடு வாசலில் நின்றிருந்தார். பஸ்ஸில் டின்னைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை மாடியிலிருந்து மாமாவின் குரல் கேட்டது. டின்னில் பத்துக் கத்திகள்தான் இருந்தன. ஏழு அலகைக் காணோம்.

“உன் முன்னாடி வெச்சேனே மாமா” என்றேன்.

“என் கைல குடுத்தியா?”

கையில் எப்படிக் கொடுப்பது? கொடுத்தால் சண்டை வருமே. அம்மாவைப் பார்த்தேன். அந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அவள் அண்ணனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பீச்சுக்குப் போனானே, ஜம்பமா எடுத்துண்டு போயிருப்பான்” என்றார் மாமா.

குப்பத்தில் மீன்கார அம்மாளிடம் கத்தியைப் பற்றிப் பேசியதை நானே உளறினேன். அது போதுமாயிருந்தது. “காட்டினியா? அவகிட்டயே விட்டுட்டு வந்தியா?” அம்மா பிடித்துக்கொண்டாள். மாமா “போறது, விடு” என்று பின்வாங்கினார். அம்மா விடவில்லை. “மான்கொம்பு அண்ணா. போய்க் கேட்டுட்டு வா.”

அடுத்த நாள் மாமாவும் நானும் குப்பத்தில் நின்றோம். மாமாவுக்கு வேர்த்தது.

“இந்தப் பையன் ஒரு கத்தி கொண்டுவந்தானாம்மா?”

“வந்தாரு. நின்னாரு. கைல ஒண்ணியும் இல்ல.”

அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் வீட்டில் அம்மா கேள்வி கேட்பாளே. “நன்னா யோசிச்சுச் சொல்லு. போலீஸ் அது இதுன்னு போனா உனக்குத்தான் கஷ்டம்” என்றார்.

அந்த அம்மாள் எழுந்தார். படகோரம் வலை பிரித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பினார்கள். “இன்னா சாரே சொன்ன? பொட்டி பொட்டியா மீன என்னிய நம்பி உட்டுட்டுப் போறாங்க. ஒரு மீனும் சுரண்டாத உன் பொம்மக் கத்திய வெச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்?” கோபத்தில் குரல் நடுங்கியது. அந்த நடுக்கம்தான் எனக்குத் தாங்கவில்லை.

“நான்தான் எடுத்துண்டு வந்தேன். கடல்ல விழுந்துடுத்து” என்றேன்.

என் வாழ்க்கையின் முதல் புனைகதை. விமர்சனமும் உடனே வந்தது. “வெறுங்கையோட வந்த புள்ள, இன்னாத்த கடல்ல போட்ச்சு?” என்றார் அவர். மாமா என் தோளைப் பிடித்துத் திருப்பினார். “சரி, சரி. போனது போறது. வா.” அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

வீட்டில் அப்பா ஓர் அறை விட்டார். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. என்னிடம் சொந்தமாக ஒரு கத்தி இருந்தது. பங்குனித் திருவிழாவில் குளக்கரைக் கடையில் வாங்கியது. இரண்டு அலகு, அதில் ஒன்று திறக்காது. மாடிக்கு எடுத்துப் போய் மாமாவின் முன்னால், முறைப்படி, தரையில் வைத்தேன். மாமா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எடுத்துத் துடைத்து டின்னுக்குள் போட்டுக்கொண்டார்.

போட்டுக்கொண்டார். பொய் சொன்னதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடலாம். அந்தப் பதினோராவது கத்தியை அவர் குனிந்து எடுத்துக்கொண்டதை இன்றுவரை மன்னிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து டின்னில் சிவப்புக் கத்தி வந்தது. “என் வருத்தத்தைப் பாத்துட்டு அவரே குடுத்துட்டார்” என்றார். என் பொறுப்பில் தொலைந்ததற்கு வேறொருவர் ஈடு செய்கிறாரே என்று கூசிப்போனேன். பெசன்ட் நகர்க்காரரைப் பார்த்தபோது காலில் விழுந்தேன். அவரும் ஒன்றும் புரியாமல் “தீர்க்காயுசா இரு” என்றார்.

என் பூணூலுக்கு மாமா ஒரு பேனா கொடுத்தார். கைக்குக் கை.

பல வருஷம் கழித்து, தி. நகரில் ஒரு கல்யாண மண்டபம். பரிசுப் பொட்டலத்தின் கயிறு அவிழவில்லை. பக்கத்தில் இருந்த பெசன்ட் நகர்க்காரர் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். மான்கொம்புப் பிடி. சின்ன அலகை ஒரே நகத்தில் திறந்து கயிற்றை அறுத்தார்.

“உங்க மாமாதாம்ப்பா மூணு மாசம் கெஞ்சினார், சிவப்பைக் குடும், இத வாங்கிக்கோம்னு. நீ பீச்சுக்குப் போயிருந்தே, அன்னிக்குத்தான் மாத்திண்டோம்.” மடக்கினார். ‘டக்’ என்றது.

போன வாரம் அம்மா கூப்பிட்டாள். மாமாவுக்கு எண்பது வயது நிறைகிறது, அவரைப் பற்றி விழா மலரில் நாலு வார்த்தை எழுத வேண்டுமாம். “உன்மேல எவ்வளவு ஆசை அவனுக்கு” என்றாள். எழுத உட்கார்ந்தேன். அந்தப் பஸ்தான் நினைவில் வந்தது. டின் என் மடியில் இருந்திருந்தால் ஒரு கத்தி குறைவது கனத்திலேயே தெரிந்திருக்கும். அன்று அது மாமாவின் மடியில் இருந்தது, அவருடைய இரண்டு கைகளும் அதன்மேல். நான் அவர் தோளில் சாய்ந்து அடையாறு பாலம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். பிள்ளை களைத்துப் போயிருக்கிறான் என்று மாமா சுமக்கிறார் என நினைத்துக்கொண்டு.