இருபத்தொன்றாவது தட்டு

எங்கள் சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். பாசத்தில் இல்லை, சீர்த்தட்டு ஜோடிக்க ஆள் வேண்டுமே! குரோம்பேட்டையில் ஒரு கூரியர் ஆபீஸில் நாள் முழுக்க முகவரிகளைத் தட்டச்சு செய்துவிட்டு, தாம்பரத்துக்குத் திரும்பியதும் ஜிகினாவும் பசையுமாக உட்கார்ந்துவிடுவேன். முந்திரியில் மயில், ஜாக்கெட் துணியில் தாமரை. "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்டி" என்பார்கள். யாரும் போட்டதில்லை.

வேலையை விட்டுவிட்டு இதையே செய்கிறேனே என்றதும் வீட்டுக்காரர் சிரித்தார். "சொந்தக்காரங்க நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. முன்னபின்ன தெரியாதவங்க ஒருத்தர் கூப்பிடட்டும். அது திருப்தியா முடிஞ்சா வேலையை விடு. சொதப்பிட்டா, இந்த ஜிகினா மூட்டையெல்லாம் பரணுக்குப் போயிடணும், சரியா?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

கூப்பிட்டவர் கோவளம் பக்கத்துக் குப்பத்து அக்கா, மீன் வியாபாரம். அஸ்தினாபுரத்தில் வாடிக்கை வீட்டு விசேஷத்தில் என் தட்டுகளைப் பார்த்திருக்கிறார். மகனுக்கு வண்டலூரில் பெண் நிச்சயம், இருபத்தொரு தட்டு வேண்டும் என்றார். இரண்டு வாரம் வீட்டில் நடக்க இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக் கூடத்தில் தட்டுகளைப் பரப்பினேன். அக்கா பூரித்துப் போய் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். கடைசியில் முகம் மாறியது.

"இன்னா கண்ணு, இருபதுதான் கீது?"

"ஆரத்தித் தட்டோட இருபத்தொண்ணு அக்கா."

"ஆரத்திய சுத்தி தெருவுல ஊத்திடுவோம். அது எப்டிம்மா சீராவும்?"

எங்கள் வீட்டில் அதையும் சேர்த்துத்தான் எண்ணுவோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல! இரட்டைப்படையில் எந்தப் பெண்ணும் தட்டைத் தூக்க மாட்டாள். நாலரைக்கு ராகுகாலம். வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் முட்டியது, பரண் தெரிந்தது.

ஒரு காலித் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். மத்தியானப் பந்திக்கு வாழைப்பூ வடை போட்டிருந்தார்கள். உரித்த மடல்கள் ஒரு கூடை நிறையக் கிடந்தன. சிவப்பாக, வளைந்து, அச்சு அசல் படகு! தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, நடுவில் வெல்லத்தைக் கரை போலக் குவித்து, சுற்றிலும் ஐந்து மடல்களை முனை வெளியே பார்க்க வைத்தேன். ஈர்க்குச்சியில் குத்திய வெற்றிலைதான் பாய். உள்ளே ஆளுக்குப் பதில் மல்லிகை மொட்டுகள். அவசரத்தில் பாதி மொட்டு அரிசியில் விழுந்தது.

அக்கா குனிந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு படகாக எடுத்து, முனை வெல்லத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

"கடலுக்குப் போறா மாதிரி வெச்சிட்டியே கண்ணு. கரைக்கு வரணும். பொண்ணு வூட்ல பயந்துடப் போறாங்கோ." கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய், இத்த நான்தான் தூக்குவேன், யாரும் கை வெக்காதீங்கோ! நீயும் வேன்ல ஏறு கண்ணு."

நாலேகாலுக்கு வேன் கிளம்பியது. வண்டலூரில் பெண்வீட்டார் மயிலையும் தாமரையையும் தாண்டி அந்தப் படகுத் தட்டைச் சுற்றி நின்றார்கள். கேமரா போன் அபூர்வமாக இருந்த காலம் அது; அங்கே அதை வைத்திருந்த ஒரே மாமா அந்தத் தட்டை மட்டும் நாலு தடவை படம் பிடித்தார். சந்தனம் நீட்டிக்கொண்டே பெண்ணின் சித்தி என்னைக் கேட்டார்: "நீங்க மாப்பிள்ளைக்கு என்ன முறை ஆகணும்?"

"உறவு இல்லீங்க. தட்டு அலங்காரம் பண்றது என் தொழில்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. யார் கேட்டாலும் அதுவரை கூரியர் ஆபீஸ் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.