மோட்டார் இல்லாமல் பிடித்த சுரம்

அன்று சிதம்பரத்தில், கல்லூரி மேடையில் இருந்தது மூன்று பேர்: நான், கடலூரில் படகுக்குப் போகும் என் மாமா மகன், துறைமுகத்து ஐஸ் பிளாண்டில் வேலை பார்க்கும் அவனுடைய கூட்டாளி. வராதது ஐஸ் பிளாண்டின் மோட்டார்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நூலகத்தில் கிடைத்த ஒரு புத்தகத்தை அகராதியோடு படித்துத்தான் இந்தப் பாட்டைத் தெரிந்துகொண்டேன். பல நூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பியத் தேவாலயங்களில் இரண்டு குரலாகப் பிரிந்து பாடியிருக்கிறார்கள். கீழ்க்குரல் ஒரே சுரத்தை விடாமல் நீட்டிப் பிடிக்கும். மேல்குரல் அதன்மேல் ஓடியாடி, கீழே சா என்றால் மேலே பா என்று வந்து நிற்கும். போனில் தேடிக் கேட்டேன். நம் பக்கம் பத்துப் பேர் பாடினாலும் ஒரே மெட்டுதான். இதில் ஆளுக்கொரு வழி போகிறார்கள், ஆனாலும் சண்டையில்லை.

கல்லூரி விழாவில் பாடுவதாகப் பெயர் கொடுத்தேன். இசை படிக்கிற பையன்கள், "இதெல்லாம் ஒரு பாட்டாடா?" என்று சிரித்தார்கள். அவர்கள் முன்னால் நின்று பாடிக் காட்டியே ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஐஸ் பிளாண்டில் பாடிப் பழகினோம். கீழ்க்குரல் அவர்கள் இருவர், மேல்குரல் நான். வார்த்தை ஒன்றே ஒன்று: அல்லேலூயா.

"மாரியம்மா கோச்சிக்க மாட்டாளா மாப்ள?" என்றான் மாமா மகன்.

"நீ பாடுறத கேட்டா ரெண்டு சாமியுந்தான் கோச்சிக்கும்" என்றான் கூட்டாளி.

நான்கே வாரத்தில் சுரம் அசையாமல் நின்றது. நிற்க வைத்தது மோட்டாரின் ரீங்காரம் என்று மூவருக்கும் தோன்றவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினாலும் அந்தச் சத்தம் இடைவெளியை மூடிவிடும்.

மேடையில் அது இல்லை. முதல் மூச்சிலேயே கீழ்க்குரல் அறுந்தது. மறுபடி பிடித்தபோது கீழே இறங்கியிருந்தது. நான் நிறுத்திவிட்டேன். முன்வரிசையில் சிரிப்பு.

மாமா மகன் அசரவில்லை. கூட்டாளியிடம் திரும்பினான். "கரையில நின்னு கரவலைக் கயிறு இழுக்கறோம்னு நெனச்சுக்கடா. நீ கை மாத்தறப்ப நான் புடிச்சிருக்கேன். நான் மாத்தறப்ப நீ வுடாத."

காலை அகட்டி வைத்து இருவரும் பிடித்தார்கள். ஒருவன் மூச்சு வாங்கும்போது மற்றவன் நின்றான். எங்கே கை மாறியது என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. நான் தைரியமாக மேலே ஏறினேன், சுற்றினேன், பா-வில் வந்து இறங்கினேன். அவர்கள் இருவரும் அரங்கம் முழுக்க ஒரே குரலாகக் கேட்டார்கள். சிரித்தவர்களில் ஒருவன் பிறகு வந்து, "இன்னொரு தடவ பாடுவீங்களாண்ணா?" என்று மாமா மகனிடம் கேட்டான். பாடினோம்.

அவன் போகாத படகில் அன்று நல்ல மீன். மாமா மகன் இழந்த பங்கு ஆயிரத்து எண்ணூறு, கூட்டாளி இழந்த கூலி அறுநூற்று ஐம்பது, இருவருக்கும் போக வர பஸ் நூற்று எண்பது. அந்தப் பாட்டுக்கு ஆன செலவு மொத்தம் இரண்டாயிரத்து அறுநூற்று முப்பது ரூபாய்.