சூரியகாந்தி எண்ணெய் என்று சொன்னேன்

நிலக்கடலை ஆகாத ஒரு குழந்தைக்குக் கடலெண்ணெயில் முறுக்குச் சுட்டுக் கொடுத்தவள் நான். தெரியாமல் அல்ல. தெரிந்தே!

'பாவம், அறியாமல் நடந்தது' என்று ஆறுதல் சொல்ல வாயெடுக்கிறீர்களா? மூடிக்கொள்ளுங்கள். ஆறுதலுக்காக நான் இதை எழுதவில்லை.

என் மகன் கவின் பீளமேட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டிலிருந்து வகுப்பு முழுவதற்கும் பலகாரம் போகவேண்டும் என்பது அங்கே வழக்கம். அவனோடு படிக்கிறவள் ஜெனி. கடலை பட்டால் மூச்சடைத்துப்போகும் பிள்ளை. அவள் அம்மா ஸ்டெல்லா ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கெஞ்சியிருந்தாள், கடலை மிட்டாய், கடலை உருண்டை எதுவும் அனுப்பாதீர்கள் என்று.

எனக்கு வந்ததே கோபம்! அவிநாசிப் பக்கம் எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. வருடாவருடம் கடலை போட்டு, காயவைத்து, மரச்செக்கில் ஆட்டிய எண்ணெய்தான் எங்கள் வீட்டில் புழங்கும். சொந்தபந்தமெல்லாம் டின் டின்னாக வாங்கிப்போகும். அந்தக் கடலையைப் போய் ஒருத்தி விஷம் என்கிறாளே... என் குடும்பத்தையே வைததுபோல எடுத்துக்கொண்டேன். அவள் தன் பிள்ளையின் உயிரைப் பற்றிப் பேசுகிறாள், நான் என் கௌரவத்தைப் பற்றி யோசிக்கிறேன். என்ன ஜென்மம் நான்!

என் முறை வந்தது. முறுக்கு அனுப்புவதாகக் குழுவில் போட்டேன். ஸ்டெல்லா போன் செய்தாள்.

"ஏனுங்கக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எந்த எண்ணெயில சுடறீங்க? செக்கெண்ணெயில கடலைச் சத்து அப்படியே தங்கியிருக்குமாமுங்க. டாக்டர் சொன்னாரு."

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் செக்கெண்ணெய். அந்த வாசனை மூக்கில் ஏறிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்:

"சூரியகாந்தி எண்ணெய்தானுங்க. நீங்க பயப்படாம இருங்க கண்ணு."

எங்கள் ஊர் மரியாதை இருக்கிறதே... பொய்க்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் சொல்லுவோம்!

ஏன் அப்படிச் செய்தேன்? சோம்பலா? மளிகைக்கடை எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. தோட்டம் உள்ளவள் பாக்கெட் எண்ணெய் வாங்குவதா என்ற திமிர்! அந்தத் திமிருக்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. அதைச் சொல்ல நாக்குக் கூசுகிறது... சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தப் பிள்ளை தின்னட்டும், ஒன்றும் ஆகாது, பிறகு 'எல்லாம் வெறும் பம்மாத்து' என்று நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். சோதித்துப் பார்த்தேன். ஒரு குழந்தையை வைத்து!

முறுக்குக் கொண்டுபோன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கவின் பையைக்கூடக் கழற்றவில்லை. "ஜெனிக்கு உதடெல்லாம் வீங்கிப்போச்சும்மா. மூச்சே உட முடியல. மிஸ் தொடையில ஊசி போட்டுத் தூக்கிட்டு ஓடுனாங்க" என்றான்.

அந்த ஊசியை ஸ்டெல்லாதான் முன்கூட்டியே பள்ளியில் கொடுத்து, போடும் விதத்தையும் சொல்லிவைத்திருந்தாள். நான் பம்மாத்து என்றேனே, அந்தப் பயம்தான் ஜெனியைக் காப்பாற்றியது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். நம்புகிறீர்களா? நம்பாதீர்கள், நானே இப்போது நம்புவதில்லை. முகம் வீங்கிப் படுத்திருந்த பிள்ளையின் காலடியில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடலை எங்கே பட்டது, எங்கே பட்டது என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்டாராம். பலகாரத்தில் இல்லவே இல்லை, அந்த அக்கா அத்தனை பார்த்துச் செய்தவர் என்று எனக்காக இவள் அடித்துச் சொல்லியிருக்கிறாள்.

"காலையில நான்தானுங்க முட்டை குடுத்துவுட்டேன். இப்ப முட்டையும் ஆகாமப் போயிருச்சாட்ட இருக்குதுங்க. நானே எம்புள்ளைக்கு இப்படிப் பண்ணிப்போட்டேன்" என்றாள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரே வரி! நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "மனசை உட்றாதீங்க கண்ணு" என்றேன். த்தூ!

எதற்குப் பயந்தேன் என்று கேட்கிறீர்கள். போலீசுக்கா, பள்ளிக்கூடத்துக்கா? அவள் என்னை அக்கா என்று கூப்பிடுவது நின்றுபோகுமே என்று பயந்தேன். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையைப் பிடுங்கினேன். முட்டை என்றால் உயிரை விடுவாளாம் ஜெனி. அன்றோடு ஆம்லெட் இல்லை, கேக் இல்லை. தான் செய்யாத பாவத்துக்கு அந்தத் தாய் தன்னையே திட்டிக்கொண்டு திரிகிறாள்... நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

போன மாதம் ஜெனிக்குப் புதுநன்மை. கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஸ்டெல்லா வீடு தேடி வந்து அழைத்தாள்.

"வெளியில எதுவும் வாங்கப் பயமா இருக்குதுங்கக்கா. உங்க கை முறுக்குன்னா எனக்குப் பயமில்லை. அன்னிக்குச் செஞ்ச மாதிரியே செஞ்சு குடுங்க."

அன்றைக்குச் செய்த மாதிரியே!

புது வாணலி வாங்கினேன். புது முறுக்கு அச்சு வாங்கினேன். பாக்கெட் சூரியகாந்தி எண்ணெயை என் கையாலேயே வெட்டி ஊற்றினேன். அன்று செய்யாததையெல்லாம் இப்போது செய்தேன், யாருக்கும் பிரயோசனமில்லாத புத்தி!

விருந்தன்று ஜெனி வெள்ளைக் கவுனோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தின நாள் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாளாம். தம்பியைக் கிள்ளியதைக்கூட விடாமல் சொன்னதாகப் பெருமையாகச் சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு முறுக்கை எடுத்துக் கடித்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"ஆன்ட்டி, அன்னிக்கு இருந்த ருசி இதுல இல்லீங்க."

இதோ... கடவுளே வாய் திறந்து கேட்கிறார், இப்போதாவது சொல்லடி என்று எனக்குள் ஒன்று கத்தியது.

"மாவு மாறிப்போச்சு கண்ணு" என்றேன்.

அவள் நம்பினாள். தலையாட்டிவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

பிரியாணி பரிமாறினார்கள். ஜெனியின் தட்டில் யாரோ தெரியாமல் ஒரு முட்டையை வைத்துவிட்டார்கள். பிள்ளை அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஸ்டெல்லா பதறி ஓடிவந்து அந்தத் தட்டை அப்படியே எடுத்தாள். வேறு தட்டுக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அந்த முட்டையை என் தட்டில் வைத்தாள்.

"நீங்க சாப்பிடுங்கக்கா" என்றாள்.

சாப்பிட்டேன்.