மாடிக்குப் போன கோழிக்கூண்டு

தெருவில் அவருக்குக் 'கோழி மாமா' என்றுதான் பெயர். சம்பளம் வாங்குவது சுகாதாரத் துறையில், வேலையோ கோழிகளுக்குக் காவல். "உங்க ஆபீஸ்ல சம்பளத்தை முட்டையாவா குடுக்கறாங்க?" என்று டீக்கடைக்காரர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். இவரும் சலிக்காமல் சிரித்து வைப்பார்.

ஆனால் வேலை ஒன்றும் விளையாட்டில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், நடுவே மூடியும் மூடாமலும் ஒரு சாக்கடை, அது பூராவும் கொசு. சில வருஷம் அந்தக் கொசு கடித்து மூளைக்காய்ச்சல் வரும். மனுஷருக்கு வருமுன் மோப்பம் பிடிக்கத்தான் சாக்கடை ஓரம் கூண்டில் கோழிகள். கடிபட்ட கோழிக்கு ஒன்றும் ஆகாது, ரத்தத்தில் மட்டும் தடயம் நிற்கும். வாராவாரம் இறக்கையை விரித்து, ஊசியால் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். தடயம் தெரிந்தால் தெருவெல்லாம் மருந்தடித்து, ஜன்னலைச் சாத்தச் சொல்வார்கள்.

கூண்டு நின்றது, நாலுமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த இவருடைய அக்கா வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே. கோழிகளுக்குப் பேர் வைத்ததே அக்கா மகள்தான். எந்நேரமும் அதட்டிக்கொண்டே திரியும் பெட்டைக்கு 'டீச்சர்' என்று வைத்தாள்.

அக்காவுக்குத்தான் நாற்றம் தாங்கவில்லை. "டேய், இது வீடா, கோழிப்பண்ணையா? பிள்ளை மத்தியானம் கண்ணசர முடியல. எங்கயாவது தூக்கிட்டுப் போ!"

அம்மா போன பிறகு சோறு போட்டு வளர்த்தவள் அக்கா. அவள் பேச்சை இவர் தட்டியதே இல்லை. கூண்டை நாலு மாடி தூக்கிப்போய் மொட்டைமாடியில் வைத்தார். ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று தோன்றியது. அதே கட்டடம், அதே கோழி, இதைப் போய் என்ன சொல்ல என்று விட்டுவிட்டார். அட மனுஷா, கோழிக்கு மாடிக்காற்று சுகம்தான், சாக்கடைக் கொசு அங்கே ஏறி வருமா?

அதற்குப் பிறகு ரத்தம் சுத்தமாகவே வந்தது. அக்கா ஜன்னலில் நின்று கேட்பாள். "என்னடா, டீச்சர் என்ன சொல்றா?"

"பாஸ்க்கா."

"அப்பாடா!" ஜன்னலை விரியத் திறந்து போட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வாள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. அப்புறம் வலிப்பு. மூளைக்காய்ச்சல்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இவருடைய ஆபீசிலிருந்து டாக்டரம்மா தெருவுக்கு வந்தார். சாக்கடையைப் பார்த்தார், கூண்டைத் தேடினார். இவர் மேலே கை காட்டினார். அந்தம்மா நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்.

"கீழ இறக்குங்க."

அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

ஆஸ்பத்திரியில் பிள்ளை கண் விழித்தாள். சுவரைப் பார்ப்பதுபோல இவரைப் பார்த்தாள். மாமா என்று கூப்பிடவில்லை. பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். இவருக்கு அழுகை வரவில்லை. பசிதான் வந்தது. கீழே போய் ஒரு பன் வாங்கி முழுசாகத் தின்றார். அது அவருக்கே அசிங்கமாக இருந்தது.

கூண்டு பழைய இடத்துக்கே வந்தது. இவர் குந்தி உட்கார்ந்து டீச்சருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மாற்றுத்துணி எடுத்துப்போக அக்கா வந்தாள்.

"திரும்ப இங்கயா வச்சிருக்க?"

"இங்கதான் இருக்கணுமாம்க்கா."

"ஏன், மாடியில நல்லாத்தானே இருந்துச்சு?"

ஒரு பொய் சொல்லலாம் என்று பார்த்தார். டீச்சரின் இறக்கையை மடக்கி விட்டார். "அந்தக் கொசு அவ்வளவு உயரம் வராதாம்."

அக்கா கூண்டைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். "நான்தானேடா தூக்கச் சொன்னேன்."

"தூக்கினது நான்க்கா."

அவள் உள்ளே போனாள். பிள்ளை இல்லாத அந்த அறையின் ஜன்னலை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.