ஒரே மட்டம்

செருப்புத் தைப்பவருக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துகொண்டே வந்தது. அவருடைய அப்பாவுக்கும் இதே கதைதான்.

"மரபணுவுல இருக்கு. பொண்ணுக்கு வரலாம், வராமலும் போகலாம்," என்றார் டாக்டர்.

இடுப்பு கெட்டால் நடை சாயும், ஒரு குதிகால் மட்டும் தேயும். அதனால் வாரந்தோறும் மகளின் செருப்பைத் திருப்பிப் பார்ப்பார். இரண்டும் ஒரே மட்டம் என்றால்தான் போன உயிர் திரும்பும்.

இந்த வாரமும் ஒரே மட்டம்தான். ஆனால் வலது குதிகாலில் அரம் போட்ட கோடுகள். அவருடைய அரம். அப்பா கவலைப்படக் கூடாதென்று, பாவிப் பெண், நன்றாயிருந்ததையும் தேய்த்து இடதுக்குச் சமமாக்கியிருந்தாள்.

"அரத்தை இவ்வளவு அழுத்தக் கூடாதும்மா," என்றார். "நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். என் வேகத்துக்கு நடந்து வந்தாப் போதும்."