கண்மாய்க்கு மேலே தொள்ளாயிரம் மீட்டர்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பாலமுரளி, 2008ஆம் வருஷத்துக்குள் உலகத்தை அநேகமாக அளந்து முடித்திருந்தார். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல்தான். பூமியை உருண்டையாகக் காட்டும் மென்பொருள் ஒன்று அவர் கையில் சிக்கியிருந்தது. ரயில்வே வேலைக்கு மனுப் போட வந்தவர்களிடமும் யானைமலையின் உயரத்தைச் சொல்லித்தான் அனுப்புவார். இங்கே ஒரு கிளிக், அங்கே ஒரு கிளிக், நடுவில் மஞ்சள் கோடு. தீர்ப்பு வந்துவிடும்.

அப்படியொரு தீர்ப்புக் கேட்டு வந்தவர் சமயநல்லூர் விவசாயி பேயாண்டி.

"தம்பி, எம்மக நாகஜோதிக்கு ஒத்தக்கடை காலேஜுல லேப்புல வேலை. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு சம்பந்தம் வந்திருக்கு. மெயின்ரோட்டு பஸ் ஸ்டாப்பு ஒரு கிலோமீட்டருக்குள்ள இருந்தாத்தான் கட்டுவேங்குறா. வேலையை விடமாட்டாளாம்."

"வீடு பாக்கப் போனீங்கள்ல?"

"வேன்ல பேசிக்கிட்டே போனோம். தூரம் யாருக்குத் தெரிஞ்சது?"

பாலமுரளி ஊரைக் கண்டுபிடித்து, மாப்பிள்ளை வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குக் கோடு இழுத்தார். தொள்ளாயிரம் மீட்டர். கடையில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். பேயாண்டியின் முகத்தில் கல்யாணக் களை.

கோடு ஒரு பழுப்பு நிறப் பொட்டல் வழியாகப் போனது. அதன் மேல் சுட்டியை நகர்த்தினால், கீழே தெரியும் உயரம் நாலு மீட்டர் இறங்கி மறுபடி ஏறியது. ஓரத்தில் வளைந்த கரை ஒன்றும் தெரிந்தது. மதுரையில் பிறந்தவனுக்கு அது மழைக்கு நிரம்பும் கண்மாய் என்று சொல்ல எந்த மென்பொருளும் தேவையில்லை. படம் கோடையில் எடுத்தது. அதைச் சொல்ல பாலமுரளி வாயெடுத்தார். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்.

ஆவணியில் கல்யாணம். ஐப்பசியில் மழை.

கார்த்திகையில் நாகஜோதியே கடைக்கு வந்தாள். சேலைக் கரையெல்லாம் சேறு.

"அண்ணே, கரையைச் சுத்தி நடக்குறேன். தினமும் பஸ் போயிருது. பிரின்சிபால் கடைசியா எச்சரிச்சுட்டாரு."

பாலமுரளி தலையைக் குனிந்துகொண்டே கரையின் ஒவ்வொரு வளைவிலும் கிளிக் செய்தார். மூன்று கிலோமீட்டர் இருநூறு மீட்டர். "இந்தா பிரிண்ட், வீட்டுல இதைக் காட்டும்மா."

"உங்க பழைய பேப்பரை மாமனார் செவுத்துல ஒட்டி வச்சிருக்காரு. 'ஒரு கிலோமீட்டரு நடக்கத் துப்பில்ல, வேலை எதுக்கு'ங்குறாரு. பேப்பருக்குப் பேப்பரு சண்டை போடவா? நீங்க வாங்கண்ணே."

அன்றைக்குத்தான் பாலமுரளி தாம் அளந்த உலகத்தில் முதல்முதலாகக் கால் வைத்தார். கரை மேல் நடந்த நாற்பத்தைந்து நிமிஷத்தில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தார். நாகஜோதி ஒரு தடவைதான் சிரித்தாள்.

மாமனார் முத்திருளன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். சேறு வழிய நின்ற பாலமுரளி, ஒப்பித்தார்:

"ஐயா, அந்தப் பேப்பரு தப்பு. கண்மாய்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் சொல்லாம விட்டேன்."

முத்திருளன் தண்ணீர்ப் பக்கம் கையைக் காட்டினார். "எங்க கம்மாய் எங்களுக்குத் தெரியாதா தம்பி? நீங்க தொள்ளாயிரம்னீங்க. நாங்களும் வாயை மூடிக்கிட்டோம். நல்ல பொண்ணு, கைய விட்டுப் போயிருமேன்னு."

உள்ளேயிருந்து அவர் மகன் அழகுராஜா வந்தான். சுவரில் இருந்த பேப்பரைக் கிழித்தான். அதைக் கொண்டே பைக் சீட்டின் ஈரத்தைத் துடைத்தான்.

"நாளையிலருந்து நான் கொண்டாந்து ஸ்டாப்புல விடுறேன் ஜோதி. இப்ப ஏறு, பால் வாங்கிட்டு வந்துருவோம்."

அவள் ஏறினாள். மெயின்ரோட்டுப் பக்கம்தான் பைக் போனது. நெருக்கினால் மூன்றாவது ஆளுக்கும் இடம் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. பாலமுரளியும் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரை மேல் ஏறினார்.